80-ஐத் தொட்டதும் முரண்டு பிடித்த வண்டி: ஸ்பீடு கவர்னர் பழுது பார்த்த பதிவு

அக்டோபர் கடைசி வாரம், இரவு பத்தரை மணி இருக்கும். மதுரை விமான நிலையத்தில் இறங்கிய ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்துகொண்டிருந்தேன். சாத்தூர் தாண்டியதும் நல்ல மழை. கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க ஏசி புளோயரை நாலில் வைத்திருந்தேன். முன்னால் போன லாரியை முந்துவதற்கு வலது தடத்துக்கு ஏறி மிதித்தேன். மீட்டர் 80-ஐத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் வண்டி ஒரு நொடி முன்னால் தள்ளிவிட்டு, அப்படியே படுத்துவிட்டது. எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. அதற்குப் பிறகு எவ்வளவு மிதித்தாலும் வண்டி மசியவில்லை. 70, 60, 50 என்று தானாக இறங்குகிறது. பக்கத்தில் லாரி, பின்னால் ஒரு ஆம்னி பஸ் விளக்கை அடித்துக்கொண்டு வருகிறது. லாரியைப் போகவிட்டு, இடது ஓரத்துக்கு வந்து நிறுத்தும் வரை எனக்கு மூச்சே வரவில்லை. பின் சீட்டில் கைக்குழந்தை இருந்தது.

சாவியை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போட்டேன். ஒன்றுமே நடக்காதது போல வண்டி ஓடியது. வீடு வரை 60-க்கு மேல் மிதிக்கவில்லை.

வண்டி 2017 கடைசியில் பதிவான டீசல் செடான், மஞ்சள் போர்டு. நான் இரண்டாவது கை. வாங்கும்போதே, வேகம் ஒரு வரம்பைத் தாண்டாமல் தடுக்கும் ஸ்பீடு கவர்னர் பொருத்தியிருந்தது. அது எஞ்சின் கம்ப்யூட்டருக்குள்ளேயே எழுதப்பட்ட வரம்பு அல்ல. வெளியே தனியாக வைத்த கருவி. டேஷ்போர்டுக்கு அடியில், சீட்டுக்கட்டு அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, மூடியிலும் ஒயர்கள் இணையும் கப்ளரிலும் சீல்.

இது எதற்காக என்று பயணிகள் அடிக்கடி கேட்பார்கள். 2015 ஏப்ரலில் மத்திய மோட்டார் வாகன விதி 118-ஐத் திருத்தினார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் வரும் வாடகை, சரக்கு வண்டிகளில் வேகம் 80-க்கு மேல் போகாதபடி கருவி இருக்க வேண்டும். டம்பர், டேங்கர், பள்ளிப் பேருந்து போன்றவற்றுக்கு 60. எட்டுப் பயணிகள் வரை ஏற்றும் சின்ன வண்டிகளுக்கு முதலில் விலக்கு இருந்தது. பிறகு டாக்சிகளும் உள்ளே வந்தன. கருவி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஏஐஎஸ்-018 என்று ஒரு தரநிலை உண்டு. சொந்த உபயோக வெள்ளை போர்டு கார்களுக்கு இந்த வேகத் தடுப்பு கிடையாது. 2019 ஜூலை முதல் வந்த கார்களில் 80-ல் விட்டு விட்டும், 120-ல் விடாமலும் ஒரு பீப் சத்தம் வரும், அவ்வளவுதான். பீப் எச்சரிக்கும், கவர்னர் தடுக்கும். இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பேசுகிறவர்கள் நிறைய.

மறுநாள் காலை எங்கள் ஊர் எலக்ட்ரீசியன் அண்ணாச்சியிடம் போனேன். அதற்குள் ஸ்டாண்டில் இரண்டு பேர் வழி சொல்லிவிட்டார்கள்: ஒயரை வெட்டி சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் வைத்துவிடு, எஃப்சி (தகுதிச் சான்று) பார்க்கும் அன்றைக்கு மட்டும் போட்டுக்கொள். அண்ணாச்சியிடம் இதைச் சொன்னதும் அவர் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, பல் வலிக்கின்னு தாடையையா எடுப்பாவ? வலி எங்கருந்து வருதுன்னு பாப்போம். கவர்னர் வெட்டுனா வண்டி நிக்கக் கூடாது, ஏறாம இருக்கணும். ஒனக்கு நிக்கில்லா? அப்ப அது கவர்னர் வேலையில்ல, கோளாறு."

இந்த ஒரு வித்தியாசம்தான் எனக்குக் கண்ணைத் திறந்தது. ஒழுங்காக வேலை செய்யும் கவர்னர் ஒரு கூரை மாதிரி. தலை மெதுவாக முட்டும், அதற்கு மேல் போக முடியாது. ஆனால் அதே உயரத்தில் நடந்துகொண்டே இருக்கலாம். என் வண்டியில் கூரையே இடிந்து விழுந்திருக்கிறது. ஏன்?

முதலில் கருவி எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பழைய டீசல் வண்டிகளில் ஆக்சிலேட்டரிலிருந்து பம்ப்புக்கு ஒயர் கேபிள் போகும். அந்தக் காலத்துக் கவர்னர்கள் ஒன்று அந்தக் கேபிளைப் பிடித்து இழுக்கும், அல்லது டீசல் குழாயில் ஒரு வால்வை வைத்து வரத்தைக் குறைக்கும். இப்போதைய வண்டியில் கேபிளே கிடையாது. பெடலுக்குப் பின்னால் ஒரு சென்சார், அதிலிருந்து இரண்டு சிக்னல் ஒயர்கள் எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் போகின்றன. என் வண்டியில் காலை எடுத்திருக்கும்போது ஒன்றில் 0.75 வோல்ட், மற்றதில் 0.37. முழுக்க மிதித்தால் 3.8-உம் 1.9-உம். அதாவது எப்போதும் ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு. ஒரு ஒயர் பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுத்துவிடும். அதற்காகத்தான் இரண்டு. கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால் கம்ப்யூட்டர் பெடலை நம்பாது. எஞ்சின் விளக்கைப் போட்டு, வண்டியை ஓரம் கட்டும் அளவுக்கு மட்டும் சக்தி கொடுக்கும்.

கவர்னர் பெட்டி இந்த இரண்டு ஒயர்களின் வழியில், பெடலுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பீடு சென்சாரின் துடிப்புகளை எண்ணி வேகத்தைத் தெரிந்துகொள்கிறது. வேகம் வரம்புக்குக் கீழே இருக்கும் வரை பெடல் சிக்னலை அப்படியே விட்டுவிடும். வரம்பை நெருங்கியதும் பெடலைத் துண்டித்துவிட்டு, "கால் கொஞ்சமாகத்தான் மிதித்திருக்கிறது" என்று தானே இரண்டு வோல்டேஜைத் தயாரித்து அனுப்பும். கம்ப்யூட்டர் அதை நம்பி டீசலைக் குறைக்கும். பிரேக்கைத் தொடாது. அதனால்தான் நல்ல இறக்கத்தில் கவர்னர் இருந்தாலும் வண்டி 80-ஐத் தாண்டி உருளும். அங்கே நாம்தான் பிரேக் போட வேண்டும். இது தெரியாமல் "கருவி கெட்டுப்போச்சு" என்று கழற்றச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, அளவெடுக்கும் வேலைக்கு வருவோம். அண்ணாச்சி முதலில் ஒயரைத் தொடவே இல்லை. டயரைப் பார்த்தார். கதவு ஓரத்து ஸ்டிக்கரில் 165/80 ஆர் 14 என்று இருக்கிறது. வண்டியில் இருந்தது 175/65 ஆர் 14. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் மாற்றியிருக்கிறார். இரண்டு வருடமாக நானும் கவனிக்கவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 165-ல் 80 சதவீதம் 132 மில்லிமீட்டர், அதுதான் டயரின் பக்கச் சுவர் உயரம். 14 அங்குல ரிம் 355.6. மேலும் கீழும் சேர்த்தால் விட்டம் சுமார் 620, சுற்றளவு 1,946 மில்லிமீட்டர். இதே கணக்கில் 175/65-க்குச் சுற்றளவு 1,832 மட்டும்தான். ஒவ்வொரு சுற்றிலும் 11 சென்டிமீட்டர் குறைகிறது, ஏறக்குறைய 6 சதவீதம்.

மீட்டரும் கவர்னரும் எண்ணுவது சக்கரம் சுற்றுவதைத்தான், சாலையை அல்ல. சக்கரம் சின்னதானால் இரண்டும் சேர்ந்தே ஏமாறும். அன்று மதியம் மழை விட்டதும், என் மச்சினனைக் கூட்டிக்கொண்டு, புளோயரை அணைத்துவிட்டு நான்கு வழிச்சாலையில் கயத்தாறு பக்கம் ஓட்டினேன். அவன் செல்லில் ஜிபிஎஸ் வேகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தான். கவர்னர் பிடித்தபோது மீட்டர் 83, ஜிபிஎஸ் 74. உதறல் இல்லை, விளக்கு இல்லை, மெதுவாகப் பிடித்தது. ஜிபிஎஸ் இல்லாதவர்கள் கிலோமீட்டர் கல்லை வைத்தே பார்க்கலாம். நிஜமான 80-ல் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 45 வினாடி. எங்களுக்கு 48-க்கும் கொஞ்சம் மேலே ஆனது.

இந்த இடத்தில் எனக்கு வேறொன்று உறைத்தது. பத்துக் கல் ஓடினால் ஓடோமீட்டர் 10.6 காட்டியது. நான் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகிறவன். 100 கிலோமீட்டர் கூட்டிக்கொண்டு போனவரிடம் 106-க்குக் காசு வாங்கியிருக்கிறேன். தெரியாமல் நடந்ததுதான். இருந்தாலும் அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. வழக்கமாக வரும் மூன்று குடும்பங்களிடம் விஷயத்தைச் சொல்லி, அடுத்த சவாரியில் கழித்துக்கொண்டேன்.

டயர்கள் எப்படியும் தேய்ந்திருந்தன. நான்கையும் ஸ்டிக்கரில் இருந்த அளவுக்கே மாற்றினேன். மறுபடி அதே சாலை: மீட்டர் அதே 83, ஜிபிஎஸ் 79. மீட்டர் மாறவே இல்லை, நிஜ வேகம்தான் மாறியது. மீட்டர் நாலு கூட்டிக் காட்டுவது கோளாறு இல்லை. வேகத்தைக் குறைத்துக் காட்டக் கூடாது என்பதற்காகக் கம்பெனியே கொஞ்சம் கூட்டித்தான் வைக்கும்.

டயர் ஒரு கணக்கை நேராக்கியது. ஆனால் வண்டி படுத்ததற்கு அது காரணம் இல்லை என்று தெரிந்தது. ஏனென்றால் இரண்டு முறையும் வண்டி படுக்கவில்லை! ஒரு பழுது உங்கள் கண் முன்னால் வர மறுக்கும்போது வரும் எரிச்சல் மெக்கானிக் வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும். அண்ணாச்சி கேட்டார்: "அன்னைக்கி ராத்திரி வண்டில என்னென்ன ஓடிட்டு இருந்துச்சு? ஒண்ணு விடாமச் சொல்லு." ஹெட்லைட், வைப்பர், புளோயர் நாலில். "அத்தனையும் போட்டு ஓட்டு."

அண்ணாச்சியிடம் இருந்த ப்ளூடூத் ஸ்கேனரை ஸ்டியரிங்குக்குக் கீழே, எஞ்சின் கம்ப்யூட்டரில் இருப்பதைப் படிக்க வைத்திருக்கும் ஓபிடி கப்ளரில் சொருகினோம். அதற்கான செயலி மச்சினன் செல்லில். பெடலின் இரண்டு சிக்னலையும் அது சதவீதமாகக் காட்டும், 5 வோல்ட் என்றால் 100. நான் சாலையைப் பார்த்து ஓட்ட, அவன் வாசித்தான். 75-ல் போகும்போது 32, 16. சரியாக இரண்டு மடங்கு. வலது தடம் காலி, பின்னால் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு புளோயரை நாலில் வைத்து மிதித்தேன். 83 வந்தது.

"அத்தான், 38! 23!" என்று கத்தினான். அந்த நொடியே ஒரு தள்ளு, பிறகு படுத்தது. எஞ்சின் விளக்கு. இடது ஓரம் நிறுத்திப் பழுதுக் குறியீட்டைப் படித்தோம்: பி2138. பெடலின் இரண்டு சிக்னல்களும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று அர்த்தம்.

38 சதவீதம் என்றால் 1.90 வோல்ட், 23 என்றால் 1.15. கவர்னர் அனுப்ப நினைத்தது 1.50-உம் 0.75-உம் என்று வைத்துக்கொண்டால் இரண்டிலும் ஒரே மாதிரி 0.4 கூடியிருக்கிறது. 0.75-ன் இரண்டு மடங்கு 1.50, கணக்கு சரி. ஆனால் 1.15-ன் இரண்டு மடங்கு 2.30, வந்ததோ 1.90. கம்ப்யூட்டர் நம்புமா? படுப்பதற்கு முன்னால் வண்டி ஒரு நொடி தள்ளியதும் இதனால்தான். குறைக்கச் சொல்லி அனுப்பிய சிக்னல், 0.4 ஏறியதால் கூட்டச் சொன்னதாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இரண்டிலும் ஒரே அளவு ஏறுகிறது என்றால் தரை உயர்கிறது. தரை என்றால் எர்த்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி மல்டிமீட்டரை எடுத்தோம். இந்தச் சோதனையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில், இன்னொன்றைக் கருவியின் கறுப்பு ஒயர் முடியும் இடத்தில். எஞ்சின் ஓட வேண்டும், மின்சாரம் இழுப்பவை எல்லாம் ஓட வேண்டும். அணைத்து வைத்து ஓம்ஸில் பார்த்தால் "நல்லாத்தான் இருக்கு" என்றே காட்டும். நிறைய பேர் அங்கேதான் ஏமாறுகிறார்கள். புளோயர் அணைத்திருந்தபோது 0.02 வோல்ட். ஒன்றில் வைத்தால் 0.09. நாலில் 0.41.

கருவியைப் பொருத்தியவர் கறுப்பு ஒயரைத் தனியாக பாடியில் இறக்காமல், கைக்கு எட்டிய புளோயர் எர்த் ஸ்குரூவிலேயே முறுக்கி விட்டிருக்கிறார். அந்த ஸ்குரூ இடது பக்க கிக் பேனலுக்கு (கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டு மூடி) பின்னால் இருந்தது. அவர் யார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவழித்திருந்தால் அந்த இரவு நடந்திருக்காது. பேனலைக் கழற்றினால் ஸ்குரூ துரு ஏறிப் பச்சையும் பழுப்புமாக இருக்கிறது. கார்ப்பெட் ஈரம். வண்டியை நிறுத்துவது வீட்டு முன் வேப்பமரத்தடியில். முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தண்ணீர் வடியும் துளை முழுக்க வேப்பிலைச் சருகு. மழைத் தண்ணீர் வழியில்லாமல் உள்ளே கசிந்து, சரியாக அந்த ஸ்குரூவில் இறங்கியிருக்கிறது.

துரு பிடித்த இணைப்பு கொஞ்சம் தடை கொடுக்கும். புளோயர் நாலில் ஓடும்போது பதினைந்து ஆம்பியருக்கு மேல் அந்த வழியாகத்தான் திரும்பிப் போக வேண்டும். அந்த ஓட்டம் தடையில் முட்டி, ஸ்குரூவின் வோல்டேஜைத் தூக்குகிறது. அதே ஸ்குரூவைத் தரையாக நம்பியிருக்கும் கவர்னர், தூக்கிய தரையில் நின்றுகொண்டு வோல்டேஜை அளந்து கொடுக்கிறது. ஏசி போடாத பகலில் ஒன்றும் வராது. மழை இரவில், மிக மோசமான நேரத்தில் வரும்.

வேலை ஒன்றரை மணி நேரம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றினோம். கறுப்பு ஒயரைப் பழைய ஸ்குரூவிலிருந்து பிரித்து, கறுத்துப்போன நுனியை வெட்டி, எஞ்சின் கம்ப்யூட்டரின் எர்த் பாடியில் இறங்கும் போல்ட் வரை அதே கனத்தில் ஒயர் நீட்டினோம். ஜாயின்ட்டை ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டோம். நுனியில் வளைய லக். போல்ட்டைச் சுற்றி உப்புத்தாளால் பெயின்ட் போகத் தேய்த்து, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே வாசலைன் தடவினோம். புளோயர் ஸ்குரூவையும் மாற்றி அதே மாதிரி சுத்தம் செய்தோம். ஸ்பீடு சென்சார் ஒயரில் வெறும் முறுக்கும் டேப்புமாக இருந்த ஜாயின்ட்டையும் விட்டுவைக்கவில்லை. பெட்டியின் சீலை மட்டும் தொடவில்லை. வடிகால் துளையைச் சுத்தம் செய்தபோது ஒரு கைப்பிடிச் சருகு வந்தது. செலவு, டயரை விட்டுவிட்டுப் பார்த்தால், 140 ரூபாய்.

பேட்டரியை மாட்டி, எல்லாவற்றையும் போட்டு மறுபடி அளந்தோம். புளோயர் நாலில் 0.02.

அன்று மாலையே சாலைக்குப் போனோம். எல்லாம் ஓடுகிறது. 83-ல் கவர்னர் பிடித்தது. 29, 14 என்று மச்சினன் வாசித்தான், பிறகு 27, 13, பிறகு 29. கால் முழுக்க மிதித்திருக்க, வண்டி 79 ஜிபிஎஸ்ஸில் கோடு போட்டது போல நின்றது. எட்டு முறை செய்து பார்த்தேன். அடுத்த வாரம் கவர்னர் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற கடையில் காட்டி, சீல் சரியாக இருப்பதையும் வரம்பு வேகத்தையும் சோதித்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டேன்.

சுவிட்ச் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு யோசித்தேன். துரு அங்கேயே இருந்திருக்கும், தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருந்திருக்கும். நான் 100-ல் போய்க்கொண்டிருப்பேன். 80-லிருந்து 100 என்றால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, மோதும் ஆற்றல் ஒன்றரை மடங்குக்கு மேல். விபத்து நடந்தால் கருவியை முடக்கியவன் என்று இன்சூரன்ஸிலும் கேள்வி வரும்.

ஆனால் கவர்னர் வண்டியோடு முந்துவது வேறு கலை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். லாரி 60-ல் போகிறது, நான் 80. வித்தியாசம் 20, அதாவது வினாடிக்கு ஐந்தரை மீட்டர். லாரி நீளம், முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து 60 மீட்டர் என்றால் 11 வினாடி. அதற்குள் நான் 240 மீட்டர் ஓடியிருப்பேன். லாரி 70-ல் போனால் 21 வினாடிக்கும் மேல், கிட்டத்தட்ட அரைக் கிலோமீட்டர். நான்கு வழிச்சாலையில் இது பொறுமை பற்றிய விஷயம். எதிரே வண்டி வரும் இருவழிச்சாலையில் உயிர் பற்றிய விஷயம்; எதிரே வருபவரும் 80-ல் வந்தால் தேவைப்படும் காலிச் சாலை இரண்டு மடங்கு. நடுவழியில் "இன்னும் கொஞ்சம் மிதித்து முடித்துவிடலாம்" என்பது கவர்னர் வண்டியில் இல்லவே இல்லை. அதனால் நான் இப்போது 70-க்கு மேல் போகிற எதையும் இருவழிச்சாலையில் முந்துவதில்லை. பின்னாலேயே போகிறேன்.

டீசல் கணக்கும் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் டயர் மாறியதால் பழைய கிலோமீட்டரே தப்பு, அதை வைத்து மைலேஜ் கூடியது குறைந்தது என்று இப்போது சொல்வது நியாயமாகாது. புதுக் கணக்கு நவம்பர் முதல் தேதியிலிருந்து ஓடுகிறது.

நேற்று இரவு மறுபடி மதுரை சவாரி. விருதுநகர் தாண்டி மழை பிடித்தது, புளோயர் நாலில். ஒரு டேங்கரை முந்தும்போது 83-ல் கவர்னர் மெதுவாகப் பிடித்தது. பின்னால் தூங்கிக்கொண்டிருந்த பெரியவருக்கு அது தெரியக்கூட இல்லை. வீட்டுக்கு வந்து வண்டியை வேப்பமரத்தடியில் விடாமல் எதிர்ப்பக்கம் நிறுத்தினேன்.